எடைக் கட்டத்தை விட்டுப் போனது டேப்பாலா, மவுஸாலா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு விண்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் நிரல்கள் எழுத உதவும் மைக்ரோசாஃப்ட் கருவி) பில் மென்பொருள் எழுதுகிறேன். எடைக் கட்டத்தில் டேப் அடித்தால் அடுத்த வரி திறக்க வேண்டும், மவுஸால் வேறெங்காவது கிளிக் செய்தால் திறக்கக் கூடாது. கட்டத்தை விட்டுப் போகும்போது வரும் லீவ் நிகழ்வு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது, விசை அழுத்தும்போது வரும் கீடவுன் நிகழ்வில் டேப் வரவே இல்லை.

பதில்: கீடவுனுக்கு முன்பே வரும் ப்ரிவியூகீடவுன் நிகழ்வில் டேப் வரும் அண்ணா. டேப் என்றால் ஒரு பூலியனை (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் வைக்கும் மாறி) ட்ரூ ஆக்குங்கள், வேறெந்த விசை என்றாலும் ஃபால்ஸ். ஷிஃப்ட்டோடு டேப் வந்தால் பின்னோக்கிப் போகிறார், அதையும் ஃபால்ஸாக்குங்கள். அப்புறம் அந்த பூலியனை லீவில் பார்க்காமல், சோதனை தேறிய பிறகு வரும் வேலிடேட்டட் நிகழ்வில் பாருங்கள்; ட்ரூ என்றால் அடுத்த வரியைத் திறந்துவிட்டு அதை மறுபடி ஃபால்ஸாக்கிவிடுங்கள், ஏனென்றால் எடை சரியா என்ற சோதனைக்கு முன்பே லீவ் வந்துவிடும்.

இன்னொரு பதில்: ஜாவா மொழியின் ஸ்விங்கில் என்றால், ஜாவா 9ஆம் பதிப்பிலிருந்து ஃபோகஸ் நிகழ்வே கட்டத்தை விட்டுப் போனது டேப்பாலா மவுஸாலா என்ற காரணத்தைச் சொல்லிவிடும். விண்ஃபார்ம்ஸில் எழுதும் உங்களுக்கு மேலே சொன்ன வழிதான். 'ரத்து' பொத்தானை அழுத்தும்போது எடைச் சோதனை ஓடாமலிருக்க, அதில் மட்டும் காசஸ்வேலிடேஷன் என்ற அமைப்பை ஃபால்ஸாக வையுங்கள்.

கேட்டவர்: சரியாக வருகிறது! ஷிஃப்ட் டேப்பை நான் யோசிக்கவே இல்லை, ரொம்ப நன்றி.