டீசல் இன்ஜின் சூடேறுகிறது: லங்காவி – ஃபுக்கெட் பயணத்தில் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நானும் மனைவியும் மைத்துனரும் 36 அடிப் பாய்மரப் படகில் லங்காவியிலிருந்து ஃபுக்கெட்டுக்குச் செல்லும் வழியில், தற்போது லீப்பே தீவில் நங்கூரமிட்டிருக்கிறோம். வாடைக்காற்று காலையில் நன்றாக வீசினாலும் நண்பகலுக்குள் ஓய்ந்துவிடுவதால், பிற்பகல் முழுவதும் இன்ஜினை நம்பியே ஓட வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 1,800 சுற்றுகள் வரை வெப்பமானி 80 டிகிரியில் நிற்கிறது. 2,400 சுற்றுகளுக்கு ஏற்றினால் கால் மணி நேரத்தில் 95 டிகிரியைத் தாண்டி எச்சரிக்கை மணி அடிக்கிறது. எக்ஸாஸ்ட் வழியே வெளியே விழும், இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீர் குறைந்து, நீராவியும் சேர்ந்து வருகிறது. கடல்நீர் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டோம், கூலன்ட் குறையவில்லை. பழைய இம்பெல்லரில் (கடல்நீர் பம்பினுள் சுழலும் ரப்பர் சக்கரம்) இரண்டு இதழ்கள் முறிந்து காணாமல் போயிருந்ததால் புதியதைப் பொருத்தியும் மாற்றமில்லை. அடுத்த நிறுத்தமான ரோக் தீவு சுமார் 45 கடல்மைல் தொலைவில் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெப்பமண்டலக் கடலில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில் 2:
மேலே நண்பர் கூறியதோடு எனக்கு உடன்பாடில்லை. வெப்பநிலைக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கூலன்ட் ஓடும் நன்னீர்ச் சுற்றைச் சேர்ந்தது. அது பழுதானால் எக்ஸாஸ்டில் விழும் கடல்நீர் குறையாது. தண்ணீர் குறைந்திருப்பதால், கோளாறு கடல்நீர் செல்லும் பாதையில்தான் இருக்கிறது. தாங்கள் எழுதியதிலேயே விடையும் இருப்பதாகத் தோன்றுகிறது: முறிந்த இரண்டு இதழ்களும் எங்கே போயின? அவை தண்ணீரோடு நகர்ந்து, பெரும்பாலும், கூலன்ட்டின் வெப்பத்தைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலிலோ அதற்கு முந்தைய குழாய் வளைவிலோ சிக்கிக்கொள்ளும். குறைந்த வேகத்தில் இன்ஜின் வெளியிடும் வெப்பத்துக்கு அந்த மெல்லிய நீரோட்டமே போதும்; வேகம் கூடினால் போதாது.

இன்ஜின் நன்கு ஆறிய பிறகு, கடல்நீர் உள்ளே வரும் வால்வை அடைத்துவிட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியைத் திறந்து பாருங்கள். ஓ-ரிங் கிழியாமல் எடுப்பது முக்கியம், ஏனெனில் லீப்பேயில் மாற்று கிடைக்கும் என்று நம்ப முடியாது. சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பதில் 3:
படகின் அடியில் நீர் நுழையும் துளையையும் ஒருவர் மூழ்கிப் பார்க்கட்டும். இந்த வெதுவெதுப்பான நீரில் சில வாரங்கள் நின்றாலே கொட்டலசு வளர்ந்து துளையைப் பாதி அடைத்துவிடும். புரொப்பெல்லரில் படிந்திருந்தால் இன்ஜினுக்குச் சுமை கூடிக் கரும்புகை வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மூடியைத் திறந்ததும், செப்புக் குழாய்களின் வாயில்மேல் கறுப்பு ரப்பர் இதழ் ஒன்று அப்பியிருந்தது. மற்றொன்று பம்பிலிருந்து வரும் குழாயின் வளைவில் கிடைத்தது. மைத்துனர் மூழ்கிப் பார்த்ததில் புரொப்பெல்லரில் மட்டும் கொஞ்சம் கொட்டலசு இருந்தது, சுரண்டிவிட்டார். இப்போது 2,400 சுற்றுகளில் 84 டிகிரிக்கு மேல் போகவில்லை. ஆயினும் 2,800 சுற்றுகளில் மெல்ல 90 டிகிரியை எட்டுகிறது.

பதில் 2:
மிச்சமிருக்கும் அந்தச் சூட்டுக்குக் காரணம் குழாய்களுக்குள் படிந்த உப்புப் படிவமாகவோ, கரியும் உப்பும் சேர்ந்து குறுகிப்போன எக்ஸாஸ்ட் எல்போவாகவோ (புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாய்) இருக்கலாம். இரண்டையும் ஃபுக்கெட்டில் கழற்றிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வழியிலுள்ள தீவில் எல்போவின் துருப்பிடித்த போல்ட்டுகளை முறுக்கி, ஒன்று ஒடிந்தால் பயணமே நின்றுவிடும். அதுவரை 2,200 சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டு, விடியற்காலையிலேயே கிளம்பிக் காலைக்காற்றைப் பாயில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகாவிட்டால், தொடர்ந்து சுழற்றாமல் கடல்நீர் வால்வை அடைத்துவிட்டு முயலுங்கள். இல்லையெனில் சைலன்சரில் நிறையும் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறக்கூடும். ஸ்டார்ட் ஆன மறுகணமே வால்வைத் திறக்க ஒருவரை அதனருகிலேயே நிறுத்துங்கள்.