எஞ்சின் எண் பொருந்தாத இசட்எல்1 கமேரோ: அசலா, இல்லையா?

பட்டறைக்காரன்:
போன வாரம் இங்கே ஒருவர் செவ்ரலே கம்பெனியின் 1969 இசட்எல்1 கமேரோ கார் ஒன்றைப் பற்றி, "பிளாக் பிறகு மாற்றியது, அதனால் பாதிக் கார்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிளாக் என்றால் எஞ்சினின் அடிப்படை உடல்; அதில் அடித்த எண் காரின் எண்ணோடு பொருந்தினால்தான் அசல் என்பது அவர் கணக்கு. எனக்கு அது ஆறவே இல்லை.

அந்தக் கார் எதற்காகப் பிறந்தது? இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் செவ்ரலே டீலராக இருந்தவர் ஃப்ரெட் கிப். டிராக் ரேஸில், அதாவது நேர்த்தடத்தில் குறுந்தூரம் ஓட்டும் பந்தயத்தில், தீராத ஈடுபாடு. குறைந்தது 50 கார் தயாரித்திருந்தால்தான் அவர் குறிவைத்த பிரிவில் ஓட்டலாம் என்பது விதி, அதனால் அந்த 50 காரையும் அவரே ஆர்டர் கொடுத்தார். வழக்கமான விற்பனைப் பட்டியலில் இல்லாமல் தலைமை அலுவலகம் வழியாகப் போகும் தனி ஆர்டர், கோப்போ 9560. உள்ளே 427 கன அங்குல எஞ்சின். பிளாக்கும் அலுமினியம், அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டும் அலுமினியம், சிலிண்டருக்குள் மட்டும் இரும்பு லைனர். பெரிய எஞ்சினின் பலம், சின்ன எஞ்சினின் எடை. எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் வைத்ததால் கார் 7,200 டாலரைத் தாண்டிவிட்டது. கிப்பால் கொஞ்சம்தான் விற்க முடிந்தது, மீதியைக் கம்பெனி திரும்ப வாங்கி மற்ற டீலர்களுக்கு அனுப்பியது. மற்ற டீலர்கள் கேட்டதையும் சேர்த்து மொத்தமே 69 கார்.

வாங்கினவர்கள் ரேஸ் ஓட்டத்தான் வாங்கினார்கள். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த வாரப் போட்டிக்கு வேறு பிளாக் போடுவார்களா, 50 வருடம் கழித்து யாரோ எண்ணைப் பார்ப்பார் என்று வண்டியை மூடி வைப்பார்களா? இன்றைக்கு எண் பொருந்தி வருகிற கார்களில் பல, விற்காமல் கிடந்தவை, இல்லையென்றால் யாரும் அழுத்தி ஓட்டாதவை. தன் வேலையைச் செய்த காருக்குக் குறைந்த விலை, சும்மா நின்ற காருக்கு அதிக விலை. இதில் எனக்கு நியாயமே தெரியவில்லை.

முத்திரை:
அந்த வரியை எழுதியது நான்தான். "பாதிக் கார்" என்ற சொல் கொஞ்சம் கடுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அந்தக் காலத்துக் கமேரோவின் விஐஎன் எண்ணை, அதாவது காருக்கே உரிய அடையாள எண்ணைப் பார்த்தால் எஞ்சின் வி8 என்று தெரியும், ஆறு சிலிண்டர் இல்லை என்று தெரியும். அவ்வளவுதான். எந்த வி8 என்று அது சொல்லாது. மீதியைப் பிளாக்கின் முன்பக்கம், வலது ஹெட்டுக்குக் கீழே இருக்கும் சின்னத் தட்டையான இடத்தில் அடித்த முத்திரைதான் சொல்ல வேண்டும். அதுவும் போய், ஆர்டர் காகிதமும் இல்லையென்றால் வாய்ப்பேச்சு மட்டும்தான் மிச்சம்.

நான் செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் ஒன்றை 427 எஞ்சினோடு வாங்கினேன். எண் பொருந்தியது, தேதி பொருந்தியது, மனசு நிறைந்துபோய்ப் பணத்தைக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த இடத்தைக் காட்டினார். தொழிற்சாலையில் பிளாக்கைச் சமன்செய்யும் இயந்திரம் ஒரே திசையில் மெல்லிய கோடுகளை விட்டுப்போகும், நகத்தை வைத்து இழுத்தால் லேசாக உணரலாம். என் காரில் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பழைய எண்ணை அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விற்றவர் இந்தத் தொழிலிலேயே ஊறியவர்.

1967-இல் ரேஸுக்கான எல்88 எஞ்சினோடு வந்த கார்வெட் வெறும் 20. அதில் ஒன்று 2014-இல் 38.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவ்வளவு பணம் இருக்கிற இடத்தில் எண்ணைக் கேட்காதே என்றால் எப்படி?

புதுவரவு:
ஒரு சின்னக் கேள்வி. எல்88 பற்றித் தேடினால் எல்லா இடத்திலும் 430 குதிரைத்திறன் என்று இருக்கிறது. அதே வருடம் அதைவிட விலை குறைந்த எல்71 எஞ்சினுக்கு 435 போட்டிருக்கிறார்கள். அப்புறம் எல்88-க்கு ஏன் இந்த மதிப்பு?

முத்திரை:
வேண்டுமென்றே குறைத்துப் போட்ட எண் அது. உண்மையில் 500-ஐத் தாண்டும். எண்ணை மட்டும் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர் எல்71-ஐ வாங்கிப் போகட்டும், ரேஸ் ஓட்டுகிறவர் மட்டும் எல்88-ஐக் கேட்கட்டும் என்பதுதான் நோக்கம். பெட்ரோல் கலவையை 12.5-க்கு 1 என்று அழுத்தும் கம்ப்ரஷன், 103 ஆக்டேன் என்ற உயர்ரகப் பெட்ரோல் போடாவிட்டால் எஞ்சின் கெடும் என்று காருக்குள்ளேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். ரேடியோவும் ஹீட்டரும் கேட்டாலும் கிடையாது.

உட்வர்ட்வாசி:
இரண்டு பேரும் செவ்ரலேயின் பதிவு முறையை வைத்தே சண்டை போடுகிறீர்கள். கிரைஸ்லர் பக்கம் வாருங்கள். 1970, 71-இல் அவர்களின் பிளிமத் பிராண்டில் வந்த 'குடா காரின் விஐஎன்னில் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் அது 426 ஹெமி எஞ்சினோடு பிறந்த கார். பிளாக் போனாலும் உடம்பே சாட்சி சொல்லும். 1971-இல் ஹெமி போட்ட திறந்த கூரை 'குடா 11 மட்டுமே. அதில் ஒன்றின் எஞ்சின் மாறியிருந்தால் யாராவது "ஹெமி கார் இல்லை" என்பார்களா?

அப்புறம், பட்டறைக்காரரே, ரேஸுக்குப் பிறந்தது என்ற வாதம் எல்லாக் காருக்கும் பொருந்தாது. ஹெமிக்குப் பொருந்தும், 1964 டேட்டோனா 500 பந்தயத்தில் முதல் மூன்று இடமும் அந்த எஞ்சின் போட்ட பிளிமத்துக்கே போனது, ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். ஃபோர்டின் பாஸ் 429 மஸ்டாங்கைப் பாருங்கள். நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத்தில் அந்த எஞ்சினை ஓட்ட வேண்டும் என்றால் 500 காரில் போட்டு விற்றிருக்க வேண்டும். ஓட்டப்போவது டொரினோ டாலடேகா என்ற வேறு ஃபோர்டு காரில், ஆனால் கணக்குக்காகத் திணித்தது மஸ்டாங்கில். திணித்தது என்று சும்மா சொல்லவில்லை. அந்த ஹெட்டின் அகலத்துக்கு மஸ்டாங்கில் இடமே இல்லை. மிச்சிகனில் பிரைட்டன் என்ற ஊரில் கார் கிராஃப்ட் பட்டறையில் முன் சஸ்பென்ஷன் கோபுரங்களை மாற்றி, பாட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோய் வைத்து, ஒவ்வொரு காருக்கும் கேகே என்று தொடங்கும் தனி எண் கொடுத்தார்கள். அந்த மஸ்டாங் எண்ணிக்கைக்காகவே பிறந்தது. அதில் அசல் எஞ்சின் இருக்க வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

பட்டறைக்காரன்:
பாஸ் 429 விஷயம் சரியான அடி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் இசட்எல்1 பற்றிச் சொன்னதை அது தொடவில்லையே.

முத்திரை அவர்களே, உங்களுக்கு நடந்தது திருட்டு, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எண் போவதற்குத் திருடன்தான் வர வேண்டும் என்பதில்லை. நான் எஞ்சின் ரீபில்ட் செய்கிறவன். நீங்கள் சொல்லும் அந்தத் தட்டையான இடமும் ஹெட் உட்காரும் மேற்பரப்பும் ஒரே மட்டம். ஹெட் கேஸ்கெட் கசிகிறது என்று பிளாக்கைக் கொண்டு வந்தால், மேற்பரப்பைச் சீவி நேராக்குவதுதான் முறை. ஒரு நூல் அளவு சீவினாலே எண் காணாமல் போய்விடும். அந்தக் காலத்தில் ஆயிரம் பட்டறைகளில் யாரும் யோசிக்காமல் செய்த வேலை இது. அந்தக் காரின் ஓனர் என்ன பாவம் செய்தார்? இன்னொன்று, வாரண்டியில் கம்பெனியே மாற்றிக் கொடுத்த பிளாக்குகள் இருக்கின்றன, சிஇ என்று முத்திரை அடித்து வரும். செவ்ரலே தன் கையால் கொடுத்த எஞ்சினை நாம் யார் அசல் இல்லை என்று சொல்ல?

முத்திரை:
சிஇ பிளாக் என்று சொல்லி விற்றால் நானே வாங்குவேன், சந்தோஷமாக. ரேஸில் பிளாக் உடைந்தது, இந்த வருடம் மாற்றினோம், இதோ ரசீது, இதோ பழைய படம் என்றால் அந்தக் காருக்கு என்னிடம் முழு மரியாதை. அந்தக் காகிதம் இல்லாத இடத்தில்தான் நான் எண்ணைக் கேட்கிறேன். விலை மட்டும் சமமாக இருக்காது. 69 காரில் தன் எஞ்சினோடு மிஞ்சியது இன்னும் அரிது, அரிதானதுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறவனைத் தப்புச் சொல்ல முடியாது.

பட்டறைக்காரன்:
விலையில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. நான் கொடுக்கிறதாக இருந்தால் பந்தயத் தடத்தில் ஓடிய காருக்குத்தான் கூட்டிக் கொடுப்பேன்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது என் பட்டறையில் 1969 இரும்பு 427 ஒன்று நிற்கிறது. முன்பே யாரோ மேற்பரப்பைச் சீவிவிட்டார்கள், எண் இருந்த இடம் மொட்டை. ஓனருக்கு இது அப்பாவின் கார், அதே எஞ்சின்தானா என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறார். வேறு வழி ஏதாவது உண்டா?

முத்திரை:
ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பார்த்தீர்களா? அந்த வருடம் காரின் எண்ணில் ஒரு பகுதியைச் சில பிளாக்குகளில் அங்கே அடித்தார்கள். மேற்பரப்பைச் சீவினாலும் அது போகாது.

பட்டறைக்காரன்:
பார்க்கவில்லை. அந்தப் பக்கம் முழுக்க ஆரஞ்சுப் பெயின்ட், இரண்டு மூன்று பூச்சு இருக்கும். திங்கட்கிழமை சுரண்டிப் பார்க்கிறேன்.

முத்திரை:
சுரண்ட வேண்டாம், கம்பி பிரஷும் வேண்டாம், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பழைய துணியால் துடையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எழுத்து தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சேர்ந்து படித்துப் பார்ப்போம்.