13 வருடம் பார்த்த குழந்தை டாக்டரை விட்டு மாறினோம். உங்களுக்கு எப்படி இருந்தது?

தஞ்சாவூர் அம்மா:

என் பையனுக்கு 6 வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. இப்போது 19. இத்தனை வருடமும் ஒரே குழந்தை டாக்டர்தான். அவன் காதுகுத்துக்குக்கூட வந்தவர். போன வருடம், "இனிமே பெரியவங்க டாக்டர்கிட்ட காட்டிக்கோங்கம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். 13 வருடத்துக்கும் சேர்த்து அதில் மூன்று வரி இருந்தது.

கோயம்புத்தூரில் கல்லூரி ஹாஸ்டல் என்பதால் அங்கேயே ஒரு சர்க்கரை கிளினிக்குக்குப் போனோம். சுற்றிலும் அறுபது வயதுக்காரர்கள். பக்கத்தில் இருந்த தாத்தா, "தம்பி, யாருக்குப்பா மாத்திரை வாங்க வந்தே?" என்று கேட்டார். உள்ளே போனால் இளம் டாக்டர் ஒருவர், "காலைல நடங்க, இனிப்பைக் குறைங்க, இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டு மாத்திரைக்கு வந்துடலாம்" என்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. டைப் 1-இல் உடம்பு இன்சுலின் சுரப்பதே நின்றுபோயிருக்கும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஐசியூவில் கிடக்க வேண்டியதுதான். உடம்பு இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டுகிற பழைய சி-பெப்டைடு ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டிய பிறகு பெரிய டாக்டர் வந்து சரிசெய்தார்.

ஆனால் அன்றைக்கு என்னை அதிகம் உறுத்தியது வேறு. "ராத்திரி எத்தனை யூனிட் போடறீங்க?" என்று பெரிய டாக்டர் அவனைத்தான் கேட்டார். தினமும் தன் கையாலேயே போட்டுக்கொள்கிற பையன், திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நானும் யோசிக்காமல் "18" என்று சொல்லிவிட்டேன்.

தழும்புக்காரி:

அக்கா, உங்களுக்குச் சீட்டாவது கிடைத்தது. நான் பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாய்ந்த 'நீலக் குழந்தை'யாகப் பிறந்தவள், 3 வயதில் இதய ஆப்பரேஷன். "எல்லாம் சரியாயிடுச்சு" என்று அப்பா அம்மா நம்பினார்கள், நானும் நம்பினேன். 14 வயதுக்குப் பிறகு செக்கப்பே போகவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசினால் மாப்பிள்ளை கிடைக்காது என்று அம்மாவுக்குப் பயம். கழுத்து ஏறின ஜாக்கெட்டாகத்தான் தைத்துக் கொடுப்பார்.

24 வயதில் ஆபீஸ் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்கோ எடுத்தால், நுரையீரலுக்குப் போகிற வால்வு கசிந்து வலது கீழறை பெரிதாகியிருந்தது. என்னைப் போல ஃபாலோ டெட்ராலஜிக்கு (நாலு குறைகள் சேர்ந்த பிறவி இதயக் கோளாறு) ஆப்பரேஷன் ஆனவர்களுக்குப் பிற்காலத்தில் இது வருவது சகஜமாம், ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! முதலில் பார்த்த இதய டாக்டர் அடைப்பு, ஸ்டென்ட் பார்க்கிறவர். நல்ல மனிதர், "இது என் ஏரியா இல்லம்மா" என்று நேராகவே சொல்லி, பிறவி இதயக் கோளாறோடு வளர்ந்தவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்.

அங்கே முதலில் கேட்டது பழைய ஆப்பரேஷன் குறிப்பு. மருத்துவமனையில் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் அம்மாவின் பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில், நாலாக மடித்த மஞ்சள் தாளாகக் கிடைத்தது. மடிப்பில் எழுத்தே தேய்ந்துவிட்டது. வால்வு வளையத்தில் ஒட்டுப் போட்டிருந்ததா என்பது அந்த மடிப்பில்தான் இருந்தது. லென்ஸ் வைத்துப் படித்தார் டாக்டர்.

ரத்தக்காரன்:

எனக்கு 22 வயது, தாலசீமியா மேஜர், அதாவது உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் 12 வயதோடு குழந்தைகள் வார்டு முடிந்துவிடும். எங்கள் சிஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி 15 வரை வைத்திருந்தார். பெரியவர்கள் வார்டுக்குப் போன முதல் நாள் பக்கத்துப் பெட்டில் பாம்பு கடித்தவர், எதிரில் குடித்து விழுந்தவர். ரத்தம் வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு அழுதேன், சொல்வதற்கென்ன.

அதற்குப் பிறகுதான் தப்பு செய்தேன். ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் சேர்கிற இரும்புச்சத்தை வெளியேற்றுகிற மாத்திரை தினமும் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். சேர்ந்த இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அளவு 4000-ஐத் தாண்டியது. குழந்தைகள் வார்டில் "மாத்திரை போட்டியாடா?" என்று காதைத் திருக ஆள் இருந்தது. இங்கே அட்டையைப் பார்த்து எழுதுவதோடு சரி.

இப்போது நானே பேசப் பழகிவிட்டேன். புதிதாக வருகிற ஹவுஸ் சர்ஜனிடம், "சார், வலது கையில நரம்பு கிடைக்காது, இடது மணிக்கட்டுக்கு மேல பாருங்க, ஃபில்டர் செட் போடுங்க" என்பேன். ஒருவர் முறைத்தார். மற்றவர்கள் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தாலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களும் இருக்கின்றன. சான்றிதழ் வாங்காதவர்கள் வாங்கி வையுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்:

குழந்தைகள் சர்க்கரை கிளினிக்கில் இருக்கிறேன். எங்கள் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை விட மனசு வராமல் 18 வரை கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரே நாளில் அனுப்பிவிடுகிறோம். இப்போது 13 வயதிலிருந்தே கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கிறோம். 15 ஆனால் அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்வோம். "எனக்குத் தெரியாம என் பொண்ணுகிட்ட என்ன ரகசியம்?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில்தான், "பீர் குடிச்சா சுகர் இறங்குமா சிஸ்டர்?", "பீரியட்ஸ் அப்போ ஏன் எகிறுது?" என்பதெல்லாம் வெளியே வரும். (பீர் குடித்தால் இறங்கலாம், அதுவும் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்.)

மூன்று வரிச் சீட்டு போதாதுதான். என்ன நோய் என்று எப்படி உறுதியானது, எந்த வருடம் எதற்காக அட்மிட் ஆனார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இதெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தஞ்சாவூர் அம்மா:

சிஸ்டர், நீங்கள் சொன்னபடி பழைய டாக்டரிடம் போய் இரண்டு பக்கம் எழுதி வாங்கினேன். போன வியாழன் இரண்டாவது தடவை போனோம். இந்த முறை நான் வெளியே உட்கார்ந்தேன். பையன் ஃபைலை எடுத்துக்கொண்டு போனான். இருபது நிமிடம். கதவு திறக்கிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

வெளியே வந்தவனிடம், "என்னடா சொன்னாரு?" என்றேன்.

"பேசினோம்மா. ராத்திரி டோஸ் 16 ஆக்கியிருக்கு. பென் ஊசி வாங்கிட்டு வரேன், நீ டீ குடிச்சிட்டு இரு" என்று மெடிக்கல் பக்கம் நடந்துவிட்டான். ஏன் குறைத்தார் என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை.