விம்முக்குள்ள மாட்டிக்கிட்டேன், வழி சொல்லுங்க

நான்: யாராவது இருக்கீங்களா? கோடு மாத்தினதைச் சேமிக்க கிட் கமிட்னு கட்டளை அடிச்சேன், என்னமோ திறந்துக்கிச்சு. ஓரத்துல வரிசையா அலைக்குறி. டைப் பண்ணா ஏறவே மாட்டேங்குது.

அக்கா: விம் டா அது, எழுத்துகளைத் திருத்தற எடிட்டர். மெசேஜ் கொடுக்காம கமிட் பண்ணா எடிட்டரைத் திறக்கும்.

நான்: கன்ட்ரோல் இசட் அடிச்சதும் போயிடுச்சு!

அக்கா: போகல, பின்னாடி தூங்குது. எஃப்ஜின்னு அடி, திரும்ப வரும்.

சித்தப்பா: வந்ததும் முதல்ல எஸ்கேப். அப்புறம் கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதினது வேணும்னா கோலன், டபிள்யூ, க்யூ.

நான்: வந்துட்டேன் சித்தப்பா 🙏 கையெடுத்துக் கும்பிடறேன். யாரு இதை இப்படிச் செஞ்சு வச்சது?

சித்தப்பா: இதுக்கு மூலம் விஐங்கற பழைய எடிட்டர். பில் ஜாய்ங்கறவர் எழுதினது, 1976, பெர்க்லி பல்கலைக்கழகத்துல. திட்டறதுக்கு முன்னாடி அவர்கிட்ட என்ன மெஷின் இருந்ததுன்னு கேளு. ADM-3A டெர்மினல், அதாவது பெரிய கம்ப்யூட்டரோட பேசறதுக்கான திரையும் கீபோர்டும். அம்புக்குறிக்குத் தனிக் கீயே கிடையாது. ஹெச், ஜே, கே, எல் மேலயே அம்பு அச்சடிச்சிருக்கும். எஸ்கேப் இப்ப டேப் இருக்கிற இடத்துல, விரலுக்குப் பக்கத்துலயே. போன் லைன் வழியா இணைக்கிற மோடம் வேகம் 300 பாட், அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்து. வரிக்கு 80 எழுத்துன்னு 24 வரி இருக்கிற திரையை முழுசா வரைய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதான் கட்டளை எல்லாம் ஒத்தை எழுத்து.

அக்கா: அந்த மோடம் போய் எத்தனை காலமாச்சு சித்தப்பா! நான் பயன்படுத்தற ஈமேக்ஸ் எடிட்டரும் அதே 1976 தான். எந்தக் கீ என்ன செய்யும்னு அதுகிட்டயே கேக்கலாம், கன்ட்ரோல் ஹெச், அப்புறம் கே. பிடிக்கலைன்னா லிஸ்ப்ங்கற நிரல்மொழியில எழுதி மாத்திக்கலாம். என் குறிப்பு, வேலைப் பட்டியல் எல்லாம் அதுக்குள்ளதான்.

சித்தப்பா: கன்ட்ரோலை அமுக்கி அமுக்கி சுண்டுவிரல் வலிக்குதுன்னு நீதானேம்மா சொன்னே?

அக்கா: கேப்ஸ்லாக்கை கன்ட்ரோலா மாத்தினதும் சரியாயிடுச்சு.

சித்தப்பா: நான் அதையே எஸ்கேப்பா மாத்தி வச்சிருக்கேன் 😄

அத்தான்: ரெண்டு பேரும் அவனைக் குழப்பாதீங்க. தம்பி, நேனோன்னு ஒரு எளிய எடிட்டர் இருக்கு, அதுவே போதும். என்ன அமுக்கணும்னு கீழயே ரெண்டு வரியில எழுதியிருக்கும். கன்ட்ரோல் எக்ஸ், வெளியே.

சித்தப்பா: ஒரு வரி மாத்த அது போதும் மாப்ளை, ஒத்துக்கறேன். ஆனா சின்ன சர்வர்ல நேனோ இல்லாம இருக்கும், விஐ பெரும்பாலும் இருக்கும். யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்துலயே அதுக்கு இடமுண்டு. டி டபிள்யூ அடிச்சா ஒரு வார்த்தை போகும், டி மூணு டபிள்யூ அடிச்சா மூணு போகும், புள்ளி வச்சா அதே வேலை இன்னொரு தடவை நடக்கும். இது மனப்பாடம் இல்ல, வாக்கியம் அமைக்கிற மாதிரி. அது கைக்கு வந்துட்டா விட மனசு வராது.

அக்கா: அது மட்டும் நிஜம். நானே ஈமேக்ஸுக்குள்ள விம் கீகளைக் கொண்டு வர்ற ஈவில் மோட் போட்டுத்தான் எழுதறேன்.

சித்தப்பா: அடடே! இத்தனை நாள் சொல்லவே இல்லையே!

நான்: அப்ப விம் யாரு எழுதினது?

சித்தப்பா: பிராம் மூலெனார். 1991ல வெளியிட்டார், 2023ல காலமாயிட்டார். காசு கொடுக்கணும்னு தோணினா உகாண்டா குழந்தைகளுக்குக் கொடுங்கன்னு மென்பொருளுக்குள்ளயே எழுதி வச்ச மனுஷன். தினம் திறக்கும்போது நினைச்சுக்குவேன். நீ விம்டியூட்டர்னு அடிச்சுப் பாரு, அரை மணி நேரப் பாடம்.

நான்: ரெண்டாம் பாடத்துல இருக்கேன். டி ரெண்டு தடவை அடிச்சேன், முழு வரியும் காணோம்!

சித்தப்பா: யூ அடி.

அக்கா: திரும்பி வந்துச்சா?

நான்: வந்துச்சு 😍