நாவல் கைப்பிரதி மென்பொருள்கள்: தமிழில் எது, எங்கே உடைகிறது?

#1

நாவல் எழுத எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் பெயர்ப் பட்டியல்தான் வந்து விழுகிறது. இங்கே பட்டியல் வேண்டாம். எதில் என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரியானது என்பதை மட்டும் போடுங்கள்.

ஸ்க்ரீவனரிலிருந்து தொடங்குகிறேன். அதன் ‘புராஜெக்ட்’ என்பது ஒற்றைக் கோப்பு இல்லை, ஒரு கோப்புறை. மேக்கில் ஒரே கோப்பு போலத் தெரியும். விண்டோஸில் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குப் படும். அங்கே ‘ஸ்க்ரிவ்எக்ஸ்’ என்று முடிகிற கோப்பு வெறும் பொருளடக்கம்தான். கதை முழுக்க ‘ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் ‘டேட்டா’வில், காட்சிக்கு ஒன்றாக ஆர்டிஎஃப் கோப்புகளில் (பல எழுத்துச் செயலிகள் திறக்கும் உரைக் கோப்பு வகை) கிடக்கிறது. நண்பருக்கு அனுப்பும்போது ஸ்க்ரிவ்எக்ஸை மட்டும் மின்னஞ்சலில் இணைத்துவிடுவார்கள். போய்ச் சேர்வது தலைப்புகள் மட்டுமே. ஒரு வரி கதைகூட இருக்காது. ‘பேக்கப் டூ’ கொடுத்து ஜிப்பாக்கி அனுப்புவதுதான் வழி.

இரண்டு கணினியில் மாற்றி மாற்றி எழுதுபவர்களுக்கும் இதே கோப்புறை அமைப்புதான் எமன். நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளில் ஒன்றிரண்டு மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) ஏறி முடிவதற்குள் மற்ற கணினியில் திறந்தால், இடப்பக்கப் பைண்டரில் (காட்சிகளின் பட்டியலில்) தலைப்பு நிற்கும், உள்ளே காலியாக இருக்கும். முதல் கணினியில் ஸ்க்ரீவனரை மூடுங்கள், ஒத்திசைவு முடிந்ததைப் பாருங்கள், அப்புறம்தான் இரண்டாவதில் திறக்க வேண்டும். இந்த ஒழுங்கு கைவராதவர்கள் ஒரே கணினியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இன்னொன்று: தானியங்கி நகல்கள் இயல்பாக 5 மட்டுமே சேமிக்கப்படும். பழுதான புராஜெக்டை ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று ஐந்து முறை திறந்து மூடினால் நல்ல நகல் அத்தனையும் போய், ஐந்தும் பழுதான நகல்களாகிவிடும். எண்ணிக்கையை 25 ஆக்குங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் புராஜெக்டைத் தொடுவதற்கு முன்பே நகல் கோப்புறையை வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிடுங்கள்.

#2

மென்பொருள் எதுவானாலும் தமிழ் நாவல் மாட்டிக்கொள்வது தேடி மாற்றும் இடத்தில்தான். பாத்திரத்தின் பெயரைப் பாதி நாவலில் மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க.

‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனை’, ‘முருகனுக்கு’, ‘முருகனோடு’ எதுவும் அகப்படாது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது. புள்ளி இல்லாமல் ‘முருகன’ என்று தேடினால் பெரும்பாலான கருவிகளில் எல்லாம் சிக்கும். புதுப் பெயரும் ‘ன்’னில் முடிந்தால் (கதிரவன், மாறன்) இதோடு வேலை முடிந்தது. ‘செல்வம்’ என்று மாற்ற நினைத்தால் தொலைந்தது: முருகனை என்பது ‘செல்வத்தை’ ஆக வேண்டும், முருகனால் என்பது ‘செல்வத்தால்’. உருபுக்கு ஒரு முறை தனித்தனியாக மாற்ற வேண்டும். ஊர்ப் பெயரிலும் இதே கதை. மதுரையைத் தஞ்சாவூராக்கினால் ‘மதுரையில்’ இருந்த இடமெல்லாம் ‘தஞ்சாவூர்யில்’ என்று பல்லிளிக்கும்.

இதெல்லாம் முடிந்தாலும் முன்னால் நிற்கும் சொல்லின் ஒற்று மிச்சம். ‘அந்த முருகன்’ சரி. ‘அந்த கதிரவன்’ சரியில்லை, ‘அந்தக் கதிரவன்’ வேண்டும். எனவே ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை மறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். முதல் அத்தியாயத்திலேயே பெயரை முடிவுசெய்வதைவிடச் சுலபமான கருவி இதுவரை வரவில்லை.

#3

#2 சொன்னதோடு ஒன்று: கண்ணுக்குத் தெரியாத இரட்டைகள். ‘கௌரி’ என்பதைப் பலர் ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். அதாவது கெ, ள, ரி. திரையில் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு சொல். ‘ஔவை’, ‘ஒளவை’யும் அப்படித்தான். முதல் வரைவு முடிந்ததும் தவறான வடிவத்தைத் தேடித் திருத்துங்கள். ‘வெளவால்’ என்று தேடிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

கூகுள் டாக்ஸ் பற்றி: ஒரு ஆவணத்துக்கு 10.2 லட்சம் குறியீடு வரம்பு. தமிழில் இது சீக்கிரம் தீரும், ஏனென்றால் எழுத்து வேறு, குறியீடு வேறு. ‘கொண்டாட்டம்’ நமக்கு 6 எழுத்து; கணினிக்கு 11. சொல்லுக்கு இடைவெளியோடு 9 என்று வைத்துக்கொண்டால் 1,10,000 சொற்களை ஒட்டி வரம்பு வரும். பெரிய நாவலைப் பாகத்துக்கு ஒரு ஆவணமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வரம்பைத் தொடும் முன்பே பழைய செல்பேசிகளில் தட்டுகிற எழுத்து தாமதமாக விழ ஆரம்பிக்கும்.

#4

லிபர் ஆபிஸ் ரைட்டர் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். போதும்தான், ஒரு பொறியைத் தாண்டிவிட்டால். அதில் எழுத்துரு அமைப்பு மேற்கத்திய எழுத்துக்குத் தனி, சிடிஎல் எனப்படும் சிக்கல் எழுத்துவகைக்குத் தனி. தமிழ் இரண்டாவதில் அடக்கம். ஸ்டைலில் மேற்கத்தியப் பகுதியில் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டு, ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசையவில்லையே என்று திணறுவார்கள். மொழி அமைப்புகளில் சிடிஎல்லை இயக்கி, தமிழைத் தேர்ந்து, பிறகு ஸ்டைலின் சிடிஎல் பகுதியில் எழுத்துருவை வைக்க வேண்டும்.

அத்தியாயத் தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 1’, காட்சிக்கு ‘ஹெடிங் 2’ ஸ்டைல் கொடுத்தால் எஃப்5 அழுத்தி வரும் நேவிகேட்டரில் முழு நாவலின் எலும்புக்கூடும் தெரியும். தலைப்பை மேலே கீழே நகர்த்தினால் அதன் கீழுள்ள பத்திகளும் கூடவே வரும். ஸ்க்ரீவனரின் பைண்டர் செய்கிற வேலையில் முக்கால்வாசி இதிலேயே முடிகிறது. தலைப்பைத் தடிமனாக்கி அளவைக் கூட்டி மட்டும் விட்டவர்களுக்கு நேவிகேட்டரில் ஒன்றும் தெரியாது. அது தலைப்புப் போலத் தெரிகிற வெறும் பத்தி.

#5

ஆர்டிஎஃப்பைப் பற்றி #1 சொல்லாமல் விட்டது: அதில் தமிழ் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘க’ என்பது 2965 என்ற எண்ணாகப் பதிவாகும். ஸ்க்ரீவனர் பழுதாகி டேட்டா கோப்புறையைச் சாதாரண எடிட்டரில் திறந்து பார்ப்பவர்கள் எண்களைப் பார்த்து, எழுதியது அழிந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். அழியவில்லை. அந்தக் கோப்பை வேர்டிலோ ரைட்டரிலோ திறந்தால் தமிழ் வந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வெற்று உரை. நாவல்ரைட்டர் என்ற கட்டற்ற மென்பொருள் யுடிஎஃப்-8 உரைக் கோப்புகளிலேயே எல்லாவற்றையும் வைக்கிறது. ஒரு # போட்டால் பாகம், இரண்டு அத்தியாயம், மூன்று காட்சி. பாத்திரத்துக்கு ஒரு குறிப்புக் கோப்பு, அதில் ஒரு குறிச்சொல்; காட்சியின் தலையில் யார் பார்வையில் நடக்கிறது என்று அந்தக் குறிச்சொல்லை இட்டால், எந்தப் பாத்திரம் எத்தனை அத்தியாயமாகக் காணவில்லை என்பதை அவுட்லைனில் பார்க்கலாம்.

கிட் (Git) என்ற பதிப்புச் சேமிப்புக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் பட்டியலில் 340, 256 என்று எண் மூட்டையாகக் காட்டும். கிட்டின் ‘கோட்பாத்’ (core.quotepath) அமைப்பை அணைத்தால் தமிழில் தெரியும். அதைவிட 010, 020, 030 என்று பத்துப் பத்தாக எண்ணிட்டால் இடையில் 015 செருகலாம். இரண்டு, ஒரு பத்தி ஒரே வரி என்பதால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் முழுப் பத்தியும் மாறியதாகக் காட்டும். சொல்வாரி ஒப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

#1

#5, எண்ணாகத் தெரிவது சரிதான், விட்டுப்போயிற்று. ஆனால் ஸ்க்ரீவனரின் ஸ்னாப்ஷாட் (காட்சியின் அப்போதைய நிலையைச் சேமிக்கும்) வசதி மட்டுமே போதும் என்பவர்களுக்குக் கிட் தேவையில்லை. காட்சியைத் திருத்தும் முன் கண்ட்ரோல்-5. பிடிக்காவிட்டால் பழையதுக்குத் திரும்பலாம். திறந்திருக்கும் அல்லது தேர்ந்தெடுத்த காட்சிகளுக்கு மட்டும்தான் அது எடுக்கப்படும், தானாக முழு நாவலுக்கும் இல்லை.

#6

சரித்திர நாவல்காரர்களுக்கு: காலவரிசையை எக்செல்லில் போடாதீர்கள். அதன் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை வெறும் உரையாகத்தான் எடுத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தினால் குழம்பும். 1900-ஐ லீப் ஆண்டாகவும் தவறாகக் கணக்கிடுகிறது. லிபர் ஆபிஸ் கால்க் முந்தைய தேதிகளையும் ஏற்கும். இல்லாவிட்டால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்து வரிசைப்படுத்துங்கள்.

18-ஆம் நூற்றாண்டுக் கதை என்றால் கூடுதலாக ஒரு நெடுவரிசை வேண்டும்: எந்த நாட்காட்டி? 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் கணக்கு, பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன். 11 நாள் வித்தியாசம். சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானது புதுச்சேரிக் கணக்கில் 1746 செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. இரண்டு தரப்பு ஆவணங்களையும் படித்து ஒரே பட்டியலில் கொட்டினால், கோட்டை விழுந்த சேதி விழுவதற்கு முன்பே வந்து சேரும்.

#7

அச்சுக்குப் போகிற கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கைப்பிரதி யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தால் (இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் இது நிறைய) யூனிகோடாக்கும் மாற்றியில் போடும் முன் ஆங்கிலச் சொற்களைத் தனியே குறித்து வையுங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ் எழுத்து. மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது, அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் குப்பையாக்கிவிடும்.

வடிவமைப்பாளர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டு அனுப்பும் பிடிஎஃப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் உங்கள் கோப்பில் பிழை இல்லை. பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். அதை ஸ்டைலிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தியில் மட்டும் மாற்றினால் அடுத்த பக்கத்தில் மறுபடி உடையும். மெய்ப்பு பார்க்கும்போது ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஐந்தும் வருகிற ஒரு பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அது சரியாக வந்தபிறகு மிச்சம் 300 பக்கத்தை ஓட்டச் சொல்லலாம்.