“தரவு வேண்டுவோர் தொடர்புகொள்க” போதுமா? ஆய்வுத் தரவைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது கண்டவை

சுவடிக்கட்டு

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் “தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்புகொள்க” என்று ஒரு வரி கிடக்கும். அந்த வரியை நம்பி மடல் போட்டால் என்ன ஆகும்? 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். தரவு கொடுத்தவர்கள் 6.8 சதவீதம்தான். மற்றவர்கள் எல்லாரும் மறைக்கிறவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருக்கும், கணக்குப் போட்ட மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு போயிருப்பார், ஹார்ட் டிஸ்க் எந்த பீரோவில் இருக்கிறதோ.

வேறொரு வகையும் உண்டு. 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில், கோவிட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்று கணக்கு. மூலத் தரவைப் பார்க்க வேண்டும் என்று சரிபார்ப்பவர்கள் கேட்டார்கள். தரவை வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் தர மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாள்.

ஜெனோடோ, டேட்டாவெர்ஸ், ஓஎஸ்எஃப் போன்ற தரவுக் களஞ்சியங்கள், இந்திய ஆய்வேடுகளைச் சேர்க்கும் சோத்கங்கா என எதில் ஏற்றினாலும் சரி, எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது, ஏன் என்று இந்தத் திரியில் எழுதுங்கள். “திறந்த அறிவியல் வாழ்க” வகை வாழ்த்துகள் வேண்டாம்.

நூலக அடுக்கு

ஜெனோடோவில் இருந்து தொடங்கலாம். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்துவது, காசு கேட்காது, எந்தத் துறையானாலும், எந்த நாடானாலும் சேர்க்கும். ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 ஃபைல் வரை.

முதலில் சாண்ட்பாக்ஸ் தளத்தில் ஒத்திகை பாருங்கள். அதற்குத் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும். அங்கே கிடைக்கும் டிஓஐ (பதிவுக்குத் தரும் நிரந்தர அடையாள எண்) பொய் எண். அதைக் கட்டுரையில் ஒட்டிவிட்டு “லிங்க் திறக்கவில்லையே” என்று முழிப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

நிஜத் தளத்தில் வரிசை இப்படி இருக்கட்டும். வரைவைத் திறந்ததும் டிஓஐயை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ரீட்மீ எனும் விளக்கக் குறிப்பு ஃபைலிலும் கட்டுரை வரைவிலும் எழுதுங்கள். பிறகு ஃபைல்களை ஏற்றுங்கள். கடைசியில்தான் ‘பப்ளிஷ்’. இதைத் தலைகீழாகச் செய்தால் ரீட்மீயில் டிஓஐ இருக்காது. அதைச் சேர்க்க இன்னொரு பதிப்பு போட வேண்டிவரும். வெளியிட்ட பிறகு தலைப்பு, ஆசிரியர் பெயர், விளக்கம் இவற்றைத் திருத்தலாம். ஃபைல்கள் அப்படி இல்லை. மாற்ற வேண்டுமானால் புதிய பதிப்பு, புதிய டிஓஐ.

இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நம்பிக்கைக்கே அடிப்படை இதுதான். நேற்று இறக்கியவர் கையில் இருப்பதும் இன்று இறக்கியவர் கையில் இருப்பதும் ஒன்றுதான் என்று சொல்ல முடிகிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் எம்டி5 என்று 32 எழுத்துக் குறி தெரியும். இறக்கிய ஃபைலுக்கும் அதே குறி வந்தால் ஒரு பைட்கூட வழியில் சிதையவில்லை என்று பொருள்.

டிஓஐ இரண்டு வரும். ஒன்று அந்தப் பதிப்புக்கு. இன்னொன்று எல்லாப் பதிப்புகளுக்கும் பொது. பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்குத்தான் கொண்டுபோகும். கட்டுரையில் தரவேண்டியது கணக்குப் போட்ட பதிப்பின் எண்ணை. பொது எண்ணைத் தந்துவிட்டால், இரண்டு வருடம் கழித்துச் சரிபார்ப்பவருக்கு வேறு விடை வரும். பழி தேவையில்லாமல் உங்கள் மேல் விழும்.

ஃபோல்டர் அமைப்பை அப்படியே ஏற்ற முடியாது என்பதால் ஜிப் போடுவீர்கள். ரீட்மீயை மட்டும் ஜிப்புக்கு வெளியே வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க 8 ஜிபியை இறக்கச் சொன்னால் எவரும் இறக்க மாட்டார்.

வல்லெழுத்து

தமிழ்த் தரவுக்கென்றே சில வம்புகள் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாக.

எக்ஸலில் இருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்க இரண்டு வழி உண்டு. வெறும் ‘சிஎஸ்வி’ என்று இருப்பதைத் தேர்ந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அது கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிவதல்ல. எழுத்தே போய்விட்டது, மீட்க வழியில்லை. யூனிகோடு எழுத்தைக் காக்கும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். வேறு மென்பொருளில் செய்த யூடிஎஃப்-8 ஃபைலை எக்ஸலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் “à®” என்று குப்பையாக வருமே, அது வேறு கதை. ஃபைலில் பழுது இல்லை. தொடக்கத்தில் யூனிகோடு என்று காட்டும் பிஓஎம் குறி இல்லாததால் எக்ஸல் தவறாகப் படிக்கிறது. குறியோடு சேமித்தால் எக்ஸல் சமாதானமாகும். ஆனால் பைத்தான் நிரல்மொழியின் சிஎஸ்வி மாட்யூலில் அதைச் சாதாரணமாகத் திறந்தால் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். ‘மாவட்டம்’ என்று கேட்டால் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று சொல்லும். எது போட்டிருக்கிறீர்கள் என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதினால் பலருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

அடுத்தது ‘கொ’. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. தேடும்போது தெரியும். ‘கொல்லிமலை’ 40 இடத்தில் இருக்கும், 23 சிக்கும். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி எனும் ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை. ஆனால் ‘கௌ’வில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டியிருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு சொல். கண்ணால் தேடித்தான் திருத்த வேண்டும்.

பழைய ஆய்வேடுகளில் இன்னும் மோசம். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியதை எழுத்துரு இல்லாமல் திறந்தால் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். பிடிஎஃப்பில் எழுத்துரு பதிந்திருப்பதால் பார்க்க அழகான தமிழ். எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை. சோத்கங்காவில் இப்படிப்பட்ட ஆய்வேட்டைத் தமிழில் தேடினால் எப்படி வரும்? பழைய கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் வைத்து, யூனிகோடுக்கு மாற்றிய பிரதியையும் பக்கத்தில் வையுங்கள். எழுத்துரு மாற்றி மென்பொருளில் விட்டு எடுத்ததா, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் செய்ததா, மெய்ப்புப் பார்த்தாயிற்றா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள். மாற்றி கோட்டைவிட்ட எழுத்தை மூலத்தின் பிழை என்று நாளைக்கு ஒருவர் எழுதிவிடக் கூடாது.

புலப்படம்

மேலே சொன்னதோடு எக்ஸலின் தேதிப் பைத்தியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல எண் 12, உட்பிரிவு 3 என்பதை வழக்கம்போல் 12/3 என்று தட்டினால் அது 12 மார்ச் ஆகிவிடும். 104/2 தப்பிக்கும். அதனால்தான் கண்ணில் படாது. நூறு வரியில் ஏழெட்டு மட்டும் தேதியாகியிருக்கும். பிறகு எண்ணாக மாற்றிப் பார்த்தால் 45,000-க்கு மேல் ஓர் எண்ணாக நிற்கும், ஏனென்றால் எக்ஸல் தேதியை 1900-இலிருந்து நாள்கணக்காக வைத்திருக்கிறது. கிராமக் குறி 007 வெறும் 7 ஆகிவிடுவதும் இதே வகைதான். புல எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, உட்பிரிவுக்கு ஒரு நெடுவரிசை, இரண்டையும் தட்டத் தொடங்கும் முன்பே ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துவிடுங்கள். தட்டியபின் அமைத்தால் பயனில்லை.

மரபணு ஆய்வுக்காரர்களே இதில் தோற்றார்கள். செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்ஸல் செப்டம்பர், மார்ச் என்று மாற்றிக்கொண்டே இருந்தது. எக்ஸல் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பட்டியல்கள் திறந்து கிடந்ததால்தான் வெளியார் ஒருவர் எண்ணிப் பார்க்க முடிந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். எக்ஸலைத் திருத்துவதைவிட அது எளிதாக இருந்திருக்கிறது!

மீள்கேள்வி

டேட்டாவை முதலிலேயே திறந்து வைத்தால் வேறொருவர் எடுத்துக் கட்டுரை போட்டுவிட மாட்டாரா?

சுவடிக்கட்டு

அதற்குத்தான் எம்பார்கோ. பதிவு, தலைப்பு, தேதி எல்லாம் இன்றே வெளியில் தெரியும். ஃபைல் மட்டும் நீங்கள் குறித்த நாளில் திறக்கும். தேதி பதிவாகிவிடுவதால் முதலில் செய்தது யார் என்ற சண்டைக்கு இடமில்லை. இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்க்சைவில் அச்சுக்கு முன்பே கட்டுரையைப் போடுகிறார்கள். அந்தத் தேதி முத்திரை அவர்களுக்குப் பாதுகாப்பாகவே இருந்திருக்கிறது. ஆனால் எம்பார்கோவை ஐந்து வருடம் என்று வைப்பது மூடி வைப்பதற்குச் சமம். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம்.

களக்குறிப்பு

எல்லாவற்றையும் திறக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பேட்டி, ஒலிப்பதிவு, வீட்டு வாரியான கணக்கெடுப்பு இவற்றில் ஆய்வாளருக்கு இடையேயான நம்பிக்கை இரண்டாம் பட்சம். பேசியவரின் நம்பிக்கை முதலில்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். 180 வீடுள்ள ஊரில் “வயது 67, விதவை, சலவைத் தொழில், மகன் துபாயில்” என்ற வரியைப் பார்த்து அந்த ஊர் டீக்கடையில் யாரென்று சொல்லிவிடுவார்கள். வயதைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டத்தின் (தாலுகா) பெயரைப் போடுங்கள். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஐந்து பேருக்குக் குறைவாக விழும் கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். ஜிபிஎஸ் எண்ணில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் என்றால் வீட்டு வாசலே தெரியும். இரண்டு இலக்கமாகக் குறைத்தால் ஏறக்குறைய 1.1 கிலோமீட்டருக்குள் எங்கோ என்றாகும். ஒரு இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர். அரிய செடி, பறவைக் கூடு இருக்கும் இடத்துக்கும் இதே வைத்தியம். எண்ணையெல்லாம் மறைத்துவிட்டுப் படத்தை அப்படியே ஏற்றுவதும் நடக்கிறது. கைபேசிப் படத்துக்குள் தானாகப் பதியும் எக்ஸிஃப் தகவலில் அட்சரேகை உட்கார்ந்திருக்கும்.

ஒப்புதல் படிவத்தில் “ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்” என்ற ஒற்றை வரியோடு விட்டால் பின்னால் எதையும் பகிர முடியாது. வரிகளைப் பிரியுங்கள்: பதிவைக் காப்பகத்தில் வைக்கலாமா, மற்ற ஆய்வாளர் கேட்கலாமா, இணையத்தில் எல்லாரும் கேட்கலாமா, பெயர் போடலாமா. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி ஆம், இல்லை. “எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்” என்று எழுதாதீர்கள், அது பொய் வாக்கு. ஒருவர் இறக்கிக்கொண்டபின் எதைத் திரும்பப் பெறுவது? “வெளியிடும் நாள் வரை திரும்பப் பெறலாம்” என்று தேதியோடு எழுதி, வாசித்துக் காட்டுங்கள்.

ஃபைலைப் பூட்டி, விவரப் பதிவை மட்டும் திறந்து வைக்க பல பெரிய களஞ்சியங்கள் இடம் தருகின்றன. யாரைக் கேட்பது என்ற இடத்தில் தனி ஆளின் மின்னஞ்சல் வேண்டாம். துறையின் முகவரியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் பதிவில் சொன்ன 6.8 சதவீதத்துக்கே திரும்பிப் போகிறோம்.

கமிட்

புரோகிராமுக்குச் சுருக்கமாக. புரோகிராமைப் பகிரும் கிட்ஹப் தளம் காப்பகம் அல்ல, வைத்திருப்பவர் நினைத்தால் அழித்துவிடலாம். ஜெனோடோவோடு இணைத்துவிட்டுப் பிறகு ரிலீஸ் (வெளியீட்டுப் பதிப்பு) போடுங்கள். இணைப்பதற்கு முன் போட்ட ரிலீஸை அது தானாக எடுத்துக்கொள்ளாது. சப்மாட்யூலாக உள்ளே இணைத்த வேறு தொகுப்பின் உள்ளடக்கம் ஜிப்பில் வராது. பெரிய ஃபைல்களைத் தனியே சேமிக்கும் எல்எஃப்எஸ்ஸில் வைத்திருந்தால் இயல்பாகச் சுட்டி மட்டும் வரும். 2 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வரி. ஏற்றியபின் அந்த ஜிப்பை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே சி டிரைவ், யூசர்ஸ், சொந்தப் பெயர் என்ற முகவரியில் முட்டி நிற்கும்.

மீள்கேள்வி

உரிமம் எது போடுவது? கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில் வணிகத்துக்குக் கூடாது என்று என்சி போட்டால் பாதுகாப்புதானே?

நூலக அடுக்கு

பாதுகாப்பு போலத் தோன்றும். சந்தா வாங்கும் சிறுபத்திரிகை, கட்டணம் வாங்கும் பயிலரங்கு, விளம்பரம் உள்ள வலைப்பதிவு இவையெல்லாம் வணிகமா இல்லையா என்று யாருக்கும் உறுதியில்லை. அதனால் நல்லவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மாற்றி வெளியிடக் கூடாது என்னும் என்டி இன்னும் மோசம்: மொழிபெயர்த்தோ இரண்டு பட்டியலைச் சேர்த்தோ வெளியிட முடியாது. எண் பட்டியலுக்கு சிசி0 (நிபந்தனை ஏதும் இல்லை) அல்லது சிசி பை 4.0 (பெயர் குறிப்பிட வேண்டும்), புரோகிராமுக்கு எம்ஐடி போன்றது. ஒருமுறை கொடுத்த சிசி உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், உங்களுக்கு உரிமையில்லாத ஸ்கேன் படம் எதுவும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூலாசிரியர் இறந்தபின் பதிப்புரிமை இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு நீடிக்கும்.

வல்லெழுத்து

உழைத்தவர் பெயரை எங்கே போடுவது என்பதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று தலைப்பிலேயே நன்றி சொல்லியிருக்கும். படிப்பவருக்கு ஓர் ஐயம் வந்தால் எந்தக் கையைக் கேட்பது என்று தெரிகிறது. தரவுப் பதிவிலும் அப்படியே செய்யலாம். கணக்கெடுத்தவர், தட்டியவர், சரிபார்த்தவர் என்று பங்களிப்பாளர் பகுதியில் பிரித்துப் போடுங்கள். ஆளுக்கொரு ஆர்கிட் எண் (ஆய்வாளர் அடையாள எண்) இருக்கட்டும், ஏனென்றால் ‘எஸ். முருகன்’ எத்தனை பேர்!

புலப்படம்

பிழை சொல்லி மடல் வந்தால் பழைய பதிப்பை மறைக்காதீர்கள். புதிய பதிப்பு ஏற்றி, மாற்றக் குறிப்பில் எது, எங்கே, எதனால், யார் சொல்லி என்ற நான்கும் வரட்டும். மாதிரிக்கு:

“பதிப்பு 1.1. கிணறு_ஆழம் நெடுவரிசையில் வரி 212 முதல் 240 வரை அடி என்பது மீட்டராகப் பதிவாகியிருந்தது. இரண்டாம் குழுவின் படிவத்தில் அலகு அச்சாகவில்லை. 0.3048 ஆல் பெருக்கித் திருத்தப்பட்டது. சராசரி மாறும், அட்டவணை 3-ஐ மறுபடி கணக்கிடவும். சுட்டிக்காட்டியவர் பெயர் அவர் அனுமதியுடன் பங்களிப்பாளர் பகுதியில் சேர்க்கப்பட்டுள்ளது.”

“சில சிறு திருத்தங்கள்” என்று மட்டும் எழுதினால், இறக்கி வைத்திருப்பவர் தன் கணக்கை மறுபடி போடுவதா வேண்டாமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வார்?