புதுப்பிப்பு: ‘இஃப்’ பகுதியில் ‘வில்’ வரவே கூடாதா?

நடக்கக்கூடியதைச் சொல்லும் ஆங்கில நிபந்தனை வாக்கியங்களில் ‘இஃப்’ பகுதிக்கு நிகழ்கால வினை, முடிவுப் பகுதிக்கு ‘வில்’ என்று இதே இழையில் முன்பு எழுதியிருந்தேன். ‘இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே ஹோம்’ என்பது எடுத்துக்காட்டு. பிறகு வந்த கேள்விகளில் ஒன்று அருமையானது: ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் த மேனேஜர்’ என்கிறார்களே, அது பிழையா?

பிழையே இல்லை. அங்கே ‘வில்’ எதிர்காலத்தைக் குறிக்கவில்லை. காத்திருக்கச் சம்மதமா என்று பணிவாகக் கேட்கிறது. மழைக்குச் சம்மதம் ஏது? அதனால்தான் ‘இஃப் இட் வில் ரெயின்’ காதில் உறுத்துகிறது. விதியை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

முடிவுப் பகுதியில் ‘வில்’தான் வரவேண்டும் என்றும் இல்லை. ‘கேன்’, ‘மே’, ‘ஷுட்’ எல்லாம் வரலாம். ‘இஃப் யூ ஸீ ஹர், டெல் ஹர்’ என்று ஏவலும் வரலாம். மாறாத உண்மைக்கு இரு பக்கமும் நிகழ்காலம்: ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்’.

‘இஃப்’ பகுதியில் இறந்தகால வினையைக் கண்டதுமே கற்பனை நிபந்தனை (உண்மையில் இல்லாததை இருப்பதாக எண்ணிச் சொல்வது) என்று முடிவுகட்ட வேண்டாம். ‘இஃப் ஹீ வாஸ் லேட், ஹீ ஆல்வேஸ் கால்ட் அஸ்’ என்பது உண்மையாகவே இருந்துவந்த வழக்கம். இத்தகைய இடத்தில் ‘இஃப்’புக்குப் பதில் ‘வெனெவர்’ போட்டுப் படியுங்கள். பொருள் கெடாவிட்டால் அது உண்மை நிபந்தனைதான். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது; வகுப்பில் இதற்கு இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும்.

‘அன்லெஸ்’ (‘இல்லாவிட்டால்’ என்ற பொருள்) பற்றிக் கேட்டவர்களுக்கு: அங்கும் அதே நிகழ்கால வினைதான்.